பூ இரண்டு வாரம், இலை இரண்டு மாதம்: ட்ரவுட் லில்லியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்து 9 ஆண்டுகள் ஆன பிறகுதான் இந்தப் பூவை நான் முதன்முதலில் பார்த்தேன். அதுவரை வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில், ரூஜ் பள்ளத்தாக்கில், ஒவ்வோர் ஆண்டும் அது பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் காட்டுக்குப் போன காலம்தான் பிழை. ஜூலையில் உறவுக்காரரோடு ஒன்றுகூடலுக்குப் போவேன். ஒக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கப் போவேன். அந்த இரண்டு காலத்திலும் இந்தச் செடி மண்ணுக்கு மேலே இருப்பதே இல்லை.

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வந்து பல காலமாகியும் ஏப்ரல், மே மாதங்களில் காட்டுக்குள் கால் வைக்காதவர்களும் சேர்த்துத்தான். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. ஈரத்துக்குத் தாங்கும் சப்பாத்தும் ஓய்வான ஒரு பகல்பொழுதும் இருந்தால் போதும்.

யார் இந்த லில்லி?

தாவரவியல் பெயர் எரித்ரோனியம் அமெரிக்கானம். லில்லிக் குடும்பத்துச் செடி. கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும், குளிருக்கு இலை உதிர்க்கும் மரங்கள் நிற்கும் காடுகள்தான் இதன் ஊர். சுகர் மேப்பிள், பீச், பாஸ்வுட் மரங்களின் அடியில், சருகு மக்கிக் கறுத்துப்போன ஈர மண்ணில் கூட்டமாக வளரும். மொத்த உயரமே ஒரு சாண் வரும்.

ட்ரவுட் என்பது இங்கே குளிர்ந்த ஓடைகளில் வாழும் ஒரு மீன். அதன் முதுகில் இருக்கும் புள்ளிகளைப் போலவே இந்தச் செடியின் இலையிலும் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் இந்தப் பெயர். ஆங்கிலத்தில் இதற்கு நாய்ப்பல் என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு வெள்ளையாக, கூராக, நாயின் கோரைப்பல் போல இருக்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கார்த்திகைப்பூவை நாமும் கிழங்கை வைத்துத்தானே கலப்பைக் கிழங்கு என்கிறோம்! மாரி மழை தொடங்கினால் வேலியோரம் ஏறிப் பூக்கும் அந்தக் கொடியின் கிழங்கைத் தொட அம்மம்மா விடமாட்டார். அவ்வளவு நஞ்சு. அந்தக் கார்த்திகைப்பூவும் இந்த மஞ்சள் லில்லியும் தூரத்து உறவு. முன்பு இரண்டையும் ஒரே லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது கார்த்திகைப்பூவை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் இரண்டும் லில்லியேல்ஸ் என்ற ஒரே வரிசைக்குள்தான் வருகின்றன. கார்த்திகைப்பூவை அறிந்த கண்ணுக்கு இந்தப் பூவின் அமைப்புப் புதிதாக இருக்காது. தலைகீழாகத் தொங்கும் பூ, மேல்நோக்கிச் சுருண்ட 6 இதழ்கள், 6 மகரந்தத்தாள்கள். நெருப்பு நிறத்துக்குப் பதிலாக மஞ்சள், கொடிக்குப் பதிலாகத் தரையோடு ஒட்டிய சிறு செடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: நாளைச் சரியாகப் பிடிப்பது

இதில் பிழை விட்டால் மற்ற எதுவும் உதவாது. ரொறன்ரோ பக்கத்தில் இலை ஏப்ரல் நடுப்பகுதியில் வெளியே வரும். பூ ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கி மே இரண்டாம் வாரம் வரை இருக்கும். வடக்கே போகப்போகச் சில நாட்கள் பிந்தும். குளிர் நீண்ட ஆண்டுகளில் எல்லாமே பின்னுக்குப் போகும். அதனால் நாட்காட்டியை மட்டும் நம்பாமல் உங்கள் தெருவில் நிற்கும் மேப்பிள் மரத்தைப் பாருங்கள். மொட்டு வீங்கி, இலை இன்னும் விரியாமல் இருந்தால் காட்டில் லில்லி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். மரம் பச்சையாகிக் கீழே நிழல் விழத் தொடங்கிவிட்டால் பிந்திவிட்டீர்கள்.

மேலே இலை விரிந்த பிறகு காட்டுத் தரைக்குக் கிடைப்பது சூரிய ஒளியில் சில விழுக்காடுதான். பனி உருகுவதற்கும் மரங்கள் கூரை போடுவதற்கும் இடையில் இருக்கும் சில வாரங்களில் மட்டும் வெயில் தடையில்லாமல் தரையைத் தொடும். அந்த வெயிலை நம்பியே இந்தச் செடி வாழ்கிறது. இலை விடுவது, பூப்பது, காய்ப்பது, அடுத்த ஆண்டுக்கான மாச்சத்தைக் கிழங்கில் சேர்ப்பது எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும். ஜூன் பிறக்கும்போது இலை மஞ்சளாகும். ஜூன் நடுவில் மண்ணோடு மண்ணாகிவிடும். மிச்சப் பத்து மாதமும் கிழங்கு மட்டும்தான்.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். இந்தப் பூ இரவில் மூடிக்கொள்ளும். மழை மூட்டமான குளிர் நாளில் பகலிலும் முழுதாகத் திறக்காது. அதிகாலையில் போய், பூவே இல்லை என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வெயில் அடித்து, ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்று தோன்றும் ஒரு நாளில் காலை 11 மணிக்குப் பிறகு போங்கள்.

எங்கே போவது

ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங் பக்கம் இருப்பவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காதான் மிகவும் வசதி. 2015இல் சட்டப்படி அமைந்த இந்தப் பூங்கா ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இல்லை. கார் இல்லாதவர்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸில் போய் இறங்கி அங்கிருந்தே நடக்கலாம். உள்ளே மாஸ்ட் என்ற பாதை எனக்குப் பிடித்தது. ஒரு காலத்தில் கப்பல் பாய்மரத்துக்காக மரம் வெட்டி இழுத்துப்போன வழி அது. போவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். திருத்த வேலைக்காக அவ்வப்போது மூடுவார்கள்.

வேறு ஊர்களில் இருப்பவர்கள் மூன்று அடையாளங்களை வைத்து இடம் தேடலாம். மேப்பிள், பீச் போன்ற மரங்கள் பருத்து நிற்கும் பழைய காடாக இருக்க வேண்டும். தரையில் சருகு நிறைய இருக்க வேண்டும். ஓடையை ஒட்டிய சரிவோ பள்ளமோ இருந்தால் இன்னும் நல்லது. பைன் மரங்கள் வரிசையாக நட்ட காட்டில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே வருடம் முழுக்க நிழல்தான்.

உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. ரூஜ் பகுதியில் கருங்கால் உண்ணி இருக்கிறது. அதில் சிலவற்றால் லைம் நோய் வரும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. இதற்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை.

பூவைத் தேடாதீர்கள், இலையைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மஞ்சள் நிறத்தைத் தேடிக்கொண்டு நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தபோதுதான் தெரிந்தது, பாதையின் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் அந்த இலைதான். சருகின் மேல் மரக்கிளை நிழலும் வெயிலும் கலந்து விழும்போது புள்ளி இலை அதோடு அப்படியே கலந்துபோகும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் கண் பழகிவிடும். அடுத்த நிமிடம் தரை முழுக்க அதுவாகவே தெரியும்.

இலை 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். இரண்டு முனையும் ஒடுங்கி, வழவழப்பாக, சற்றே தடிப்பாக இருக்கும். சாம்பல் கலந்த பச்சையில் செம்பழுப்புத் திட்டுகள். அது முளைத்து வருவதை ஏப்ரல் நடுவில் பார்க்க வேண்டும். ஊசி போல இறுக்கமாகச் சுருண்டு வரும் இலை, மேலே கிடக்கும் சருகை விலக்கிக்கொண்டு வருவதில்லை, துளைத்துக்கொண்டு வருகிறது. சில இடங்களில் மக்கிய மேப்பிள் இலை ஒன்றைக் குத்தி மேலே தூக்கி, அதைக் கழுத்துப்பட்டி போல மாட்டிக்கொண்டே நிற்கும். விரியவும் முடியாமல், கழற்றவும் முடியாமல். அதைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கழற்றிவிடக் கை துடிக்கும். வேண்டாம், பெரும்பாலும் அதுவே கிழித்துக்கொண்டு விரியும்.

இப்போது இலைகளை எண்ணுங்கள். ஒரே ஒரு இலை நிலத்திலிருந்து வந்தால் அந்தச் செடி இந்த ஆண்டு பூக்காது. பூக்கும் செடிக்கு இரண்டு இலை இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்துதான் பூத்தண்டு எழும்பும். ஒரு கூட்டத்தில் பெரும்பாலானவை ஒற்றை இலைச் செடிகளே. நூறு இலைக்கு ஒன்றிரண்டு பூ இருந்தாலே நல்ல கூட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பூக்காத கூட்டத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். இரட்டை இலைகளை மட்டும் கண்ணால் துழாவிக்கொண்டு போனால் பூ தானாக அகப்படும்.

பூவின் முன்னால் உட்காருங்கள்

நின்றுகொண்டு பார்த்தால் பூவின் முதுகு மட்டும்தான் தெரியும். பாதையின் ஓரத்தில், செடி இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். பூ உங்கள் கணுக்கால் உயரத்தில் தொங்கும், ஒரு தண்டுக்கு ஒன்றுதான். வெளிப்பக்கம் இருக்கும் மூன்று இதழ்களின் முதுகில் செம்பழுப்புச் சாயல் ஓடும், உள் மூன்றும் தெளிந்த மஞ்சள். வெயில் ஏற ஏற எல்லாம் பின்னோக்கி வளைந்து கிட்டத்தட்டத் தண்டைத் தொடப் பார்க்கும்.

கைப்பேசிக் கமராவைப் பூவுக்கு அடியில் மேல்நோக்கி வைத்துப் படம் எடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். மகரந்தப் பைகளின் நிறத்தைப் பாருங்கள். சில செடிகளில் மஞ்சள், சிலவற்றில் செங்கல் நிறம். ஒரே கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கலாம். பிள்ளைகளோடு போனால் எது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், பிள்ளைகளை அரை மணி நேரம் ஒரே இடத்தில் அமைதியாக வைத்திருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் விருந்தாளிகள் வரத் தொடங்கும். பருத்த பம்பிள் தேனீ வந்து தலைகீழாகத் தொங்கும்போது பூ முழுதும் ஆடும். அது குளிர்காலத்தைத் தனியாகக் கழித்துவிட்டு, இந்த ஆண்டின் கூட்டைத் தொடங்க உணவு தேடும் ராணி. அதைவிடச் சிறியதாக ஒரு மண் தேனீயும் வரும். ஆண்ட்ரினா எரித்ரோனியை என்று அதற்குப் பெயர். லில்லியின் தாவரவியல் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கும் தேனீ. தன் குஞ்சுகளுக்கு முக்கியமாக இந்தப் பூவின் மகரந்தத்தைத்தான் சேர்க்கிறது. பூ வரும் வாரங்களில் அதுவும் வரும், பூ முடிந்ததும் அதன் பறக்கும் காலமும் முடிந்துவிடும்.

மண்ணுக்குக் கீழே (தோண்டாமலே)

காய் முற்றும்போது தண்டு வளைந்து தரையில் படுத்துவிடும். அது எறும்புக்காக. ஒவ்வொரு விதையின் நுனியிலும் கொழுப்புச் சத்துள்ள வெள்ளைத் தசை ஒன்று ஒட்டியிருக்கும். எறும்பு விதையோடு சேர்த்துப் புற்றுக்கு இழுத்துப்போய், தசையை மட்டும் தின்றுவிட்டு விதையை வீசிவிடும். அங்கே அது முளைக்கும். முதல் ஆண்டில் புல் போன்ற ஒரு மெல்லிய இலை மட்டும். பூக்க நாலு ஆண்டுகள் ஆகலாம், ஏழும் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம்.

அந்த ஆண்டுகளில் செடி மேலே வளருவதைவிடக் கீழே போவதில்தான் கவனமாக இருக்கிறது. இளம் கிழங்கிலிருந்து வெள்ளை நூல் போன்ற தண்டு கிளம்பி, இன்னும் ஆழத்தில் போய் நுனியில் புதுக் கிழங்கை வைக்கும். சில நேரம் அந்த நூல் வழிதவறி மண்ணுக்கு மேலே வந்து, சருகின் மேல் வில்லாக வளைந்து மறுபடி மண்ணுக்குள் இறங்கும். ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் ஒற்றை இலைக் கூட்டங்களுக்குள் உற்றுப் பாருங்கள், அகப்படும். குப்பை நூல் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். இப்படி இறங்கி இறங்கி, ஒரு சாண் ஆழத்தை எட்டிப் பருத்த கிழங்குதான் இரண்டு இலை விட்டுப் பூக்கிறது. பெரிய கூட்டங்கள் நூறு ஆண்டுகளைத் தாண்டியவையாக இருக்கலாம். அந்தக் கூட்டம் அங்கே வேர் பிடித்தபோது சுற்றியுள்ள மரங்களில் பல முளைத்திருக்கவே மாட்டா.

இந்தச் சின்னச் செடி காட்டுக்கு என்ன செய்கிறது என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டின. முதலாவது அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்து 1976இல் வெளியானது. பனி உருகும்போது மண்ணின் பொட்டாசியமும் நைட்ரஜனும் தண்ணீரோடு ஓடிப் போகும். மரங்கள் இன்னும் தூக்கத்தில் இருக்கும் அந்த நேரத்தில் ட்ரவுட் லில்லி அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து இலையில் வைத்துக்கொள்கிறது. ஜூனில் இலை மக்கும்போது அந்தச் சத்து மரங்களுக்குப் போகிறது. இரண்டாவது, கியூபெக்கில் செய்து 2002இல் வெளியானது. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை இழைகள் வழியாக, ஏப்ரல், மே மாதங்களில் லில்லியிலிருந்து இளம் மேப்பிள் கன்றுகளுக்குக் கார்பன் போகிறது. இலையுதிர் காலத்தில், லில்லிக்கு இலையே இல்லாமல் வேர் மட்டும் வளரும்போது, மேப்பிளிலிருந்து லில்லிக்கு வருகிறது. அளவு சிறியதுதான். ஆனால் இதைப் படித்த பிறகு மேப்பிள் கன்றுக்குப் பக்கத்தில் புள்ளி இலையைக் காணும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

பாதையை விட்டு இறங்காதீர்கள்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இது. ரூஜ் பூங்காவில் பூவோ இலையோ பறிப்பதும் கிழங்கு எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஆனால் பறிப்பதைவிட மிதிப்பதுதான் அதிகமாக நடக்கிறது. படத்துக்காக நாலு அடி உள்ளே போகிறவரின் காலுக்கடியில் இருபது ஒற்றை இலைகள் கிடக்கும். அந்த இலைக்கு இந்த ஆண்டு மாற்று இலை வராது. அது நசுங்கினால் கிழங்கு ஒரு வருடம் பட்டினி. சேறு இருந்தால் சேற்றிலேயே நடங்கள், சுற்றிப் போகாதீர்கள். நாயைக் கயிற்றில் வைத்திருங்கள்.

ஊரில் மண்புழு விவசாயியின் நண்பன் என்று படித்து வளர்ந்தோம். இங்கே கதை வேறு. ஒன்ராறியோவைப் பனிப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகள் மூடியிருந்ததால், இன்று இங்கே இருக்கும் மண்புழுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. அவை காட்டின் சருகுப் படுக்கையைத் தின்று வெறும் மண்ணாக்கிவிடுகின்றன. லில்லியும் அதன் உறவுகளும் பழகியது அந்தப் படுக்கைக்கு. மீன் பிடிக்கப் போகிறவர்கள் மிஞ்சிய புழுவைக் காட்டோரம் கொட்ட வேண்டாம். குப்பையில் போடுங்கள்.

பக்கத்திலேயே ட்ரில்லியம்

அதே நாட்களில் வெள்ளை ட்ரில்லியமும் பூக்கும். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ அதுதான். அரசுக் கடிதங்களின் தலைப்பில் இருக்கும் சின்னமும் அதுவே. 3 இலை, 3 புல்லி இதழ், 3 வெள்ளை இதழ் என்று எல்லாம் மூன்று மூன்றாக இருப்பதால் அடையாளம் காணச் சிரமமே இல்லை. வயதானால் வெள்ளை இளஞ்சிவப்பாகும். லில்லி முடியும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். செந்நிறத்தில் ஒரு ட்ரில்லியமும் உண்டு. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அழுகல் வாடை அடிக்கும். ஈக்களைக் கூப்பிடுகிறது அது.

வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், பொறுமை இருந்தால். உள்நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் நர்சரிகள் இருக்கின்றன. காட்டிலிருந்து தோண்டியதா, தாங்களே வளர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். கிழங்கைக் காயவிடாமல் கொண்டுவந்து இலையுதிர் காலத்தில் நடுங்கள். வளவில் மேப்பிள் போன்ற மரத்தின் அடியில் ஓர் உள்ளங்கை ஆழம் போதும். விழுந்த சருகை வாராமல் விட்டுவிடுங்கள். உரம் தேவையில்லை. மூன்று நாலு ஆண்டுகள் இலை மட்டும் வரலாம். ஜூனில் செடி காணாமல் போகும்போது செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தில் கத்தரியை நட்டுவிடாதீர்கள். அடையாளத்துக்கு ஒரு கல்லை வையுங்கள்.

காட்டில் பார்த்த இடத்தையும் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி, அன்று மேப்பிள் எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரி. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் பதிந்தால் மற்றவர்கள் சரிபார்த்துச் சொல்வார்கள். பிறகு ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை அதே இடத்துக்குப் போங்கள். நிழல் கவிந்திருக்கும், நுளம்பு கடிக்கும், புள்ளி இலை ஒன்றுகூடக் கண்ணில் படாது. அப்படியும் அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றித்தான் நடப்பீர்கள்.